ஃபார்ம்வில் தனியார் பள்ளி: ஒரு ஊர் அரசுப் பள்ளிகளை இழுத்து மூடிய கதை (கேள்வி–பதில்)

எந்தப் பள்ளியைப் பற்றிய பேச்சு இது?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ரிச்மண்டிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் ஃபார்ம்வில் வரும். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் தலைநகர். கவுண்டி என்றால் நம் ஊர்த் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960 வாக்கில் மொத்த மக்கள்தொகை 14,000 சொச்சம். புகையிலை விளையும் செம்மண் பூமி. அங்கே ஃபூக்வா பள்ளி என்று ஒரு சிறிய தனியார் பள்ளி இருக்கிறது. 1993 வரை அதன் பெயர் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி. அது பிறந்தது 1959 செப்டம்பரில். அதே மாதம் அந்தக் கவுண்டியின் 21 அரசுப் பள்ளிகளும் திறக்கவில்லை. ஐந்து வருடம் திறக்கவில்லை.

இந்த இரண்டையும் தனித்தனிச் செய்தியாகப் படித்தால் எதுவும் புரியாது.

‘பப்ளிக் ஸ்கூல்’ என்கிறார்களே, அது தனியார் பள்ளி இல்லையா?

நம் ஊரில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று பலகை மாட்டியிருந்தால் அநேகமாகக் கட்டணம் எகிறும் தனியார் பள்ளிதான். அமெரிக்காவில் நேர்மாறு. அங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் வரிப்பணத்தில் நடக்கும் இலவச அரசுப் பள்ளி. அதற்கான பணத்தில் ஒரு பெரிய பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. எனவே உள்ளூர்க் கவுண்டிக் குழு ‘வரி போட மாட்டோம்’ என்று கையை விரித்துவிட்டால் பள்ளி நின்றுவிடும். ஃபார்ம்வில்லில் நடந்தது அதுதான்.

1959-க்கு முன்னால் அங்கே பள்ளிகள் எப்படி இருந்தன?

வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று. சட்டப்படியே அப்படி. கறுப்பின மாணவர்களுக்கான ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளியை 1939-இல் 180 பேருக்கென்று கட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் 450 பேர் நெருக்கியடித்துப் படித்தார்கள். புதுக் கட்டடம் கேட்டதற்கு, மரச்சட்டத்தில் தார் பூசிய காகிதத்தை அடித்து மூன்று கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கோழிப்பண்ணை என்று நினைத்ததாகச் சொல்வார்கள். மழை வந்தால் ஒழுகும். குளிருக்கு நடுவில் ஒரு இரும்பு அடுப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வேர்க்கும், சுவரோரம் உட்கார்ந்தவள் கோட்டைக் கழற்றாமலே பாடம் எழுதுவாள். பேருந்தை ஓட்டி வந்த ஆசிரியரே வகுப்புக்கு வந்து அந்த அடுப்பையும் மூட்ட வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடம் இல்லை, சாப்பாட்டுக் கூடம் இல்லை, ஆய்வகம் இல்லை. அதே ஊரின் வெள்ளையர் பள்ளியில் இதெல்லாம் இருந்தது.

எதிர்ப்பு யாரிடமிருந்து கிளம்பியது?

பதினாறு வயதுப் பெண் ஒருத்தியிடமிருந்து. பெயர் பார்பரா ஜான்ஸ்.

1951 ஏப்ரல் 23. பள்ளி முதல்வர் பாய்ட் ஜோன்ஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ‘உங்கள் மாணவர்கள் இரண்டு பேர் பேருந்து நிலையத்தில் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள்’ என்று. அவர் பதறிப்போய்க் கிளம்பினார். அழைப்பு பொய். அவர் வாசலைத் தாண்டியதும், ‘எல்லோரும் அரங்குக்கு வரவும்’ என்று முதல்வர் எழுதியது போன்ற துண்டுச் சீட்டு ஒவ்வொரு வகுப்புக்கும் போனது. அதுவும் பொய்தான். 450 பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். மேடைத் திரை விலகியது. அங்கே முதல்வர் இல்லை, பார்பரா நின்றுகொண்டிருந்தாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். காலணியைக் கழற்றிப் பலகையில் தட்டினாள். புதுக் கட்டடம் தருகிறவரை வகுப்புக்குப் போவதில்லை என்று சொன்னாள். மொத்தப் பள்ளியும் அவள் பின்னால் வெளியேறியது.

முதல்வரை வெளியே அனுப்பியதில் குறும்பைவிட விவரம்தான் அதிகம். அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் வேலை போகும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அப்படியும் அவருடைய ஒப்பந்தத்தைக் கவுண்டி புதுப்பிக்கவில்லை. பார்பராவுக்கு ஆபத்து என்று பயந்து, அவளை அலபாமாவின் மாண்ட்கமரியில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெரியப்பா வெர்னான் ஜான்ஸ். அவர் பாதிரியாராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்துக்கு அவருக்குப் பின் வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங்.

கட்டடம் கேட்ட போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை போனது எப்படி?

ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் ஊருக்கு வந்தார்கள். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். ‘நல்ல கட்டடம் வேண்டும் என்று வழக்குப் போட மாட்டோம். ஒரே பள்ளி வேண்டும் என்றால் போடுகிறோம்’ என்றார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் சரி என்றார்கள். உள்ளூர்ப் பாதிரியார் பிரான்சிஸ் கிரிஃபின் தேவாலயக் கதவைத் திறந்துவிட்டார். 1951 மே மாதம் 117 மாணவர்கள் பெயரில் வழக்குப் பதிவானது.

தனித்தனிப் பள்ளி என்பதே சட்டவிரோதம் என்று 1954 மே 17-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு பிரவுன் வழக்கு என்று பெயர் பெற்றது. அதில் ஐந்து வழக்குகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன, ஃபார்ம்வில் அவற்றில் ஒன்று. மாணவர்களே கிளப்பியது இது மட்டும்தான்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1953-இல், கறுப்பின மாணவர்களுக்கு அவசர அவசரமாகப் புது உயர்நிலைப் பள்ளி கட்டிக் கொடுத்தது கவுண்டி. கேட்டபோது காசில்லை என்றவர்களுக்கு வழக்கு என்றதும் காசு கிடைத்தது. ஆறு வருடம் கழித்து அந்தப் புதுக் கட்டடத்துக்கும் பூட்டுத்தான்.

தீர்ப்பு 1954-இல் வந்துவிட்டதே, 1959 வரை என்ன செய்தார்கள்?

இழுத்தடித்தார்கள். 1955-இல் உச்ச நீதிமன்றமே ‘தகுந்த நிதானத்தோடு கூடிய வேகத்தில்’ செயல்படுத்துங்கள் என்று சொல்லி வைத்தது. தெற்கு மாநிலங்கள் நிதானத்தைப் பிடித்துக்கொண்டு வேகத்தை விட்டுவிட்டன. வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்ட் ‘பெரும் எதிர்ப்பு’ என்று ஒரு கொள்கையையே அறிவித்தார். 1958-இல் மூன்று ஊர்களில் மாநில ஆளுநரே சில பள்ளிகளை மூடினார். 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அதைச் செல்லாது என்றன. அந்த ஊர்கள் திறந்துவிட்டன.

பிரின்ஸ் எட்வர்ட் மட்டும் வேறு வழி கண்டுபிடித்தது. 1959 செப்டம்பர் முதல் சேர்த்துப் படிக்க வை என்று நீதிமன்றம் உத்தரவு போட்டதும், ஜூன் மாதம் கவுண்டிக் குழு கூடிப் பள்ளிகளுக்கு ஒரு டாலர்கூட ஒதுக்குவதில்லை என்று முடிவெடுத்தது. சேர்ந்து படி என்றால், யாருமே படிக்க வேண்டாம் என்பது அவர்கள் பதில். ஆனால் ‘யாருமே’ என்பதில் அவர்கள் பிள்ளைகள் அடக்கமில்லை.

மூன்றே மாதத்தில் தனியார் பள்ளி எப்படி எழுந்தது?

மூன்று மாதம் இல்லை, நான்கு வருடம். 1955 ஜூனிலேயே 1,000 பேருக்கு மேல் கூடி, பிரின்ஸ் எட்வர்ட் பள்ளி அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார்கள். அரசுப் பள்ளி நின்றால் வெள்ளை ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் தருவதாக அப்போதே உறுதிமொழி வாங்கினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையான ஃபார்ம்வில் ஹெரால்டின் ஆசிரியர் பேரி வால் அதில் முன்னணி ஆள். எனவே ஊருக்குச் செய்தி சொல்ல வேறு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை.

1959-இல் பூட்டு விழுந்ததும், வெள்ளை ஆசிரியர்களில் ஏறக்குறைய எல்லோரும் அப்படியே அகாடமிக்கு மாறினார்கள். பிள்ளைகள் சுமார் 1,500 பேர். தேவாலயங்களின் ஞாயிறு வகுப்பு அறைகளிலும் கிடைத்த மற்ற கட்டடங்களிலும் வகுப்பு நடந்தது. சொந்தக் கட்டடம் பிறகு வந்தது.

தனியார் பள்ளி என்றால் அவர்கள் காசு. அதில் மற்றவர்களுக்கு என்ன?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்.

முதல் வருடம் நன்கொடையில் ஓடியது, உண்மை. இரண்டாம் வருடத்திலிருந்து, தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மாநில அரசு 125 அல்லது 150 டாலர் உதவித்தொகை கொடுத்தது. அதன் மேல் கவுண்டி 100 டாலர் போட்டது. ஆக, தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 225, உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைக்கு 250. அந்த வருடத்தில் அகாடமிக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி இதுதான். இது போக, தனியார் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தால் சொத்து வரியில் 25 சதவீதம் வரை கழிவு. அந்த வரியைக் கறுப்பினக் குடும்பங்களும் கட்டிக்கொண்டுதான் இருந்தன. தன் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்க, பக்கத்துத் தெருப் பிள்ளையின் கட்டணத்தில் தன் பங்கும் போனது.

1961-இல் கூட்டாட்சி நீதிமன்றம் இதைத் தடுத்தது. அரசுப் பள்ளி மூடியிருக்கும்வரை உதவித்தொகையும் கிடையாது, வரிக் கழிவும் கிடையாது என்றது.

1964-இல் நடந்தது இன்னும் கூத்து. அரசுப் பள்ளியைத் திறந்தே தீரவேண்டும் என்ற நிலை வந்ததும், கவுண்டி அரசுப் பள்ளிகளுக்கு ஒதுக்கியது 1,89,000 டாலர். தனியார் பள்ளி உதவித்தொகைக்கு 3,75,000. அந்த உதவித்தொகைக்கும் தடை வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து, ஆகஸ்ட் மாதம் ஒரு ராத்திரி கவுண்டிக் குழு கூடியது. பெற்றோருக்குச் சொல்லி அனுப்பி, நள்ளிரவில் வரிசையில் நிற்கவைத்துக் காசோலை கொடுத்தார்கள். விடிவதற்குள் சுமார் 1,80,000 டாலர் கைமாறியது. இது நீதிமன்ற அவமதிப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966-இல் சொன்னது. ‘தனியார்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு ராத்திரி இருக்கிறது.

கறுப்பினப் பிள்ளைகள் அந்த ஐந்து வருடம் என்ன ஆனார்கள்?

சுமார் 1,700 பேர். ஒரே பதிலாகச் சொல்ல முடியாது.

உயர்நிலைப் பள்ளி முடிக்கும் தறுவாயில் இருந்த அறுபது பேர் அளவில், வட கரோலினாவில் கிட்ரெல் என்ற கறுப்பினக் கல்லூரி தங்கவைத்துப் படிக்கவைத்தது. குவேக்கர் சமயத்தவர் நடத்தும் அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு இன்னும் சில டஜன் பிள்ளைகளை வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களில் விட்டுப் படிக்கவைத்தது. சிலர் பாட்டி வீடு, அத்தை வீடு என்று வேறு ஊருக்குப் போனார்கள். பக்கத்துக் கவுண்டியில் இடிந்து கிடந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து, அந்த முகவரியைக் காட்டிப் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றியவர்களும் உண்டு. காலையில் காரில் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும், பிள்ளை உள்ளேயிருந்து வருவதுபோல் வர வேண்டும்.

இதெல்லாம் வழியிருந்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு, தேவாலய அடித்தளங்களில் பாதிரியார் கிரிஃபினும் ஊர்ப் பெண்களும் நடத்திய பயிற்சி மையங்கள். எழுத்து, கணக்கு, பாட்டு. அதற்கும் போகாதவர்கள் புகையிலைக் காட்டுக்குப் போனார்கள். 1959-இல் ஆறு வயதில் முதல் வகுப்புக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்திருந்த பிள்ளை, பள்ளி வாசலை மிதித்தபோது பத்து வயது. பதினான்கு வயதில் விட்டவன் பத்தொன்பது வயதில் திரும்ப வரவில்லை.

அவர்களும் ஒரு தனியார் பள்ளி தொடங்கியிருக்கலாமே?

வெள்ளையர் தரப்பே அந்த யோசனையோடு வந்தது. ‘உங்களுக்கும் ஒன்று அமைத்துத் தருகிறோம்’ என்றார்கள். கறுப்பின மக்கள் வேண்டாம் என்றார்கள். ஏற்றுக்கொண்டால் இரண்டு பக்கமும் தனித்தனித் தனியார் பள்ளி, அரசுப் பள்ளியே இல்லை என்று கதை முடியும், எட்டு வருட வழக்கு வீணாகும். பயிற்சி மையங்களைப் ‘பள்ளி’ என்று அழைக்காததற்கும் அதுவே காரணம். ஆனால் கொள்கைக்கு விலை கொடுத்தது குழந்தைகள். அப்போது சரி என்று நின்ற சிலரே பின்னாளில் தூக்கம் வராமல் தவித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளையரில் ஒருவர்கூட எதிர்க்கவில்லையா?

சிலர் எதிர்த்தார்கள். லாங்வுட் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் கார்டன் மாஸ் வெளிப்படையாகப் பேசினார். ஊர் அவரை ஒதுக்கியது. 1963-இல் இலவசப் பள்ளி திறந்தபோது தன் மகனை அங்கே சேர்த்தார். அங்கே சேர்ந்த வெள்ளைப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அது என்ன இலவசப் பள்ளி?

கென்னடி அரசாங்கத்துக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. சட்ட அமைச்சராக இருந்த ராபர்ட் கென்னடி 1963 மார்ச்சில் பேசும்போது, உலகில் இலவசப் பொதுக்கல்வி கொடுக்காத இடங்கள் என்று ஒரு பட்டியல் சொன்னார்: கம்யூனிச சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹொண்டுராஸ், அப்புறம் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி. அந்தப் பட்டியலில் சிங்கப்பூரைப் பார்த்தால் இன்றைக்குச் சிரிப்பு வரும், அங்கே இருக்கும் நம்மவர்கள் படித்தால் கோபம்கூட வரலாம்.

கூட்டாட்சி அரசு நேரடியாகப் பள்ளி நடத்த முடியாது. அதனால் நன்கொடை திரட்டி, 1963 செப்டம்பர் 16-இல் இலவசப் பள்ளிகளைத் திறந்தார்கள். நீல் சல்லிவன் என்ற கல்வியாளர் பொறுப்பேற்றார். 1,500-க்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியாத நிலையில் வயதுப்படி வகுப்புப் பிரிக்க வழியில்லை, அவரவர் தெரிந்த அளவுக்கு ஏற்பப் பிரித்தார்கள். இரண்டு மாதத்தில் ஜான் கென்னடி சுடப்பட்டார். 1964 மே மாதம் ராபர்ட் கென்னடி வந்தபோது, அண்ணன் பெயரில் அமையவிருந்த நூலகத்துக்கென்று பிள்ளைகள் ஒரு பை நிறையச் செப்புக் காசு கொடுத்தார்கள். எல்லாம் ஒரு சென்ட் காசு, கிட்டத்தட்ட 100 டாலர்.

அதே மாதம் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு கிரிஃபின் பாதிரியாரின் பிள்ளைகள் பெயரில் இருந்தது. வெறும் ‘நிதானமான வேக’த்துக்கான காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார் நீதிபதி ஹியூகோ பிளாக். செப்டம்பரில் அரசுப் பள்ளிகள் திறந்தன. வெள்ளைப் பிள்ளைகள் அகாடமியிலேயே இருந்தார்கள்.

வேறு ஊர்களிலும் இப்படிப் பள்ளிகள் உண்டா?

நிறைய. ‘செக்ரிகேஷன் அகாடமி’ என்று பொதுப்பெயரே வந்துவிட்டது. பிரிவினைப் பள்ளி என்று சொல்லலாம். ஃபார்ம்வில் ஒரு முன்மாதிரி. மற்ற தெற்கு மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்து எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய அலை 1969 அக்டோபரில் எழுந்தது. மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டி வழக்கில், இனிமேல் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிவதற்குள் பல ஊர்களில் ‘அகாடமி’ என்ற பெயரோடு பள்ளிகள் முளைத்தன.

பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி எப்போது மாறியது?

மனம் மாறியதா என்று நான் சொல்ல முடியாது. பணம் மாறியது தெரியும். இன அடிப்படையில் சேர்க்கை மறுக்கக்கூடாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் தனியார் பள்ளிகளுக்கும் சொல்லிவிட்டது. 1978-இல் அகாடமி வரிவிலக்கை இழந்தது. வரிவிலக்குப் போனால் நன்கொடை கொடுக்கிறவருக்கு வருமான வரியில் சலுகை கிடையாது. 1980-களின் நடுவில்தான் கறுப்பின மாணவர்கள் உள்ளே வந்தார்கள்.

1990-களின் தொடக்கத்தில் பள்ளி கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. அப்போது ஜே. பி. ஃபூக்வா 1 கோடி டாலர் கொடுத்தார். அவர் அதே கவுண்டியில் புகையிலைப் பண்ணையில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். சின்ன வயதில் டியூக் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தபாலில் புத்தகம் வரவழைத்துப் படித்தவர். எம்.பி.ஏ. கனவோடு இருப்பவர்களுக்கு டியூக்கின் ஃபூக்வா வணிகப் பள்ளி தெரிந்திருக்கும், அந்தப் பெயரும் இவருடையதுதான். 1993-இல் அகாடமி பெயர் மாற்றிக்கொண்டது. இன்று அங்கே படிக்கும் பிள்ளைகளை 1959-க்குப் பொறுப்பாக்குவது அபத்தம். பள்ளி தன் பிறப்பைப் பற்றி வாய் திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அபத்தம் இல்லை.

யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

2003-இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. அந்த ஆண்டே, படிப்பை இழந்தவர்களுக்குக் கௌரவப் பட்டயம் கொடுத்தார்கள். தலை நரைத்தவர்கள் அங்கி மாட்டி மேடையேறினார்கள். 2004-இல் அவர்கள் விட்ட படிப்பைத் தொடர மாநிலம் ஒரு உதவித்தொகை நிதி வைத்தது. பள்ளிகளை மூடியது தவறு என்று 2008-இல் கவுண்டிக் குழு தீர்மானம் போட்டு, நீதிமன்றக் கட்டடத்தின் மணிக்கூண்டில் ஒரு விளக்கேற்றியது. பழைய மோட்டன் பள்ளி இப்போது அருங்காட்சியகம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் வர்ஜீனியா வைத்திருந்த, உள்நாட்டுப் போரில் தெற்குப் படைகளை நடத்திய தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020 டிசம்பரில் எடுத்தார்கள். அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை.

அமெரிக்காவில் பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறேன். இப்படிப்பட்ட தோற்றம் உள்ள பள்ளியை எப்படி அடையாளம் காண்பது?

தெற்கு மாநிலம் என்றால், முதலில் தொடங்கிய ஆண்டைப் பாருங்கள். 1950-களின் கடைசியிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை என்றால், அந்த ஊர் அரசுப் பள்ளிகளில் எந்த வருடம் இரு இனப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள் என்று பாருங்கள். இரண்டும் ஒரே வருடம் அல்லது ஒரு வருடம் முன்பின் என்றால் பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம். பள்ளியின் வரலாற்றுப் பக்கத்தில் ‘தரமான கல்வியை நாடிய பெற்றோர்கள் ஒன்றுகூடி’ என்று மட்டும் இருந்து, எதற்காக அந்த வருடம் கூடினார்கள் என்று இல்லாவிட்டால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எந்த அமெரிக்கத் தனியார் பள்ளியின் கையேட்டை எடுத்தாலும், ‘எந்த இனம், நிறம், தேசிய அல்லது இனக்குழுப் பின்னணி உள்ள மாணவரையும் சேர்த்துக்கொள்கிறோம்’ என்ற பொருளில் ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். நம் ஊர்ப் பெற்றோர் அதைப் படித்துவிட்டு, எவ்வளவு பெருந்தன்மை என்று நினைப்பதுண்டு. மிசிசிப்பியில் கறுப்பினப் பெற்றோர் சிலர் 1969-இல், பிரிவினைப் பள்ளிகளுக்கு ஏன் வரிவிலக்கு என்று வழக்குப் போட்டு 1971-இல் வென்றார்கள். அதைத் தொடர்ந்து 1975-இல், வரிவிலக்கு வேண்டுமென்றால் இந்தக் கொள்கையைக் கையேட்டில் அச்சிட்டே ஆகவேண்டும் என்று வருமான வரித்துறை விதி போட்டது. அந்த வரி அங்கே வந்தது அப்படித்தான்.